கொழும்பாரின் வள்ளத்து றேடியோ

நந்திக்கடலில் நண்டு பிடிக்கப் போய்க் கொழும்பைப் பிடித்தவள் நான்.

அப்போது கலியாணம் முடித்துப் பத்து நாளும் ஆகவில்லை. ஒரு தகரப்பெட்டி, இரண்டு குடம், ஒரு புருசன், இவ்வளவோடும் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து வன்னிக்கு வந்திருந்தேன். புருசனுக்கு நந்திக்கடல் நீரேரியின் மேற்குக் கரையில் காணி கிடைத்திருந்தது. சுற்றிப் போகிற மண்பாதையில் மழைக்கு வண்டில் புதையும். அதனால் முல்லைத்தீவுப் பக்கத்தில் பஸ்ஸால் இறங்கி, அங்கிருந்து வள்ளத்தில் போவதுதான் வழக்கம்.

அந்த வள்ளத்தைப் போல ஒன்றை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை. நீளம் ஒரு தென்னை. அகலம், குறுக்கே இருந்து காலை நீட்டினால் மற்றப் பக்கத்தில் பெருவிரல் முட்டும். முன்பக்கம் நெல்மூட்டை, விறகு, சனம். பின்பக்கம் கிடுகால் வேய்ந்த சின்னக் கூடாரம். அதற்குள் ஒரு பாய், ஒரு அடுப்பு, மூன்று பானை, ஒரு றேடியோ. வள்ளக்காரர் அதற்குள்தான் சமைத்தார், அதற்குள்தான் படுத்தார். கரையில் அவருக்கு ஒரு கொட்டிலும் கிடையாது.

நான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, வள்ளத்தின் விளிம்பால் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது. நண்டுக்குப் போட்டது என்று நினைத்தேன். புது இடத்துக்குப் போகிறவள் நாலு நண்டோடு போய் இறங்கினால் மரியாதை என்று மெல்ல இழுத்தேன். நுனியில் ஒரு செப்புத் தகடுதான் வந்தது. அதே நேரம், கூடாரத்துக்குள் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெண்பிள்ளை, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோலக் கீச்சென்று நின்றுபோனாள்.

சனம் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. வள்ளக்காரர் மடியில் வைத்திருந்த கம்பைப் போட்டுவிட்டு வந்து, என் கையில் தொங்கிய தகட்டைப் பார்த்தார்.

"பிள்ளை எங்கால ஆள்?"

"தென்மராட்சி."

"அங்க நண்டு இப்பிடித்தானோ இருக்கும்?"

என் புருசன் என்னை முன்பின் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இப்ப தூக்கினது கொழும்பு. மெல்லமா இறக்கிவிடு. அதுக்குள்ள கனபேர் நிண்டு பாடினம், விழுந்திடப் போயினம்."

இறக்கினேன். அந்தப் பெண்பிள்ளை திரும்பி வந்தாள். ஆனால் எனக்காகக் காத்திருக்காமல் பாட்டில் பாதியைத் தாண்டிப் போயிருந்தாள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. இரண்டு கரையும் அவரைக் கொழும்பார் என்றுதான் கூப்பிட்டது. கொழும்பை அவர் கண்ணாலும் கண்டதில்லை, பரந்தனுக்கு அங்கால் போனதாகவே கேள்வி இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் தெளிவாகப் பேசியது அவருடைய வள்ளத்தில் மட்டும்தான்.

அதற்குக் காரணம் நான் தூக்கிய கம்பி. அந்தக் காலத்து றேடியோப் பெட்டிக்கு ஒரு கம்பி மேலே போக வேண்டும், இன்னொரு கம்பி மண்ணுக்குள் போக வேண்டும். மேலே போகிறது ஏரியல். அதை ஒரு மூங்கிலில் கட்டிக் கூடாரத்தில் நட்டிருந்தார். கீழே போகிறது ஏர்த். வள்ளத்தில் மண்ணுக்கு எங்கே போவது? செப்புத் தகட்டைக் கட்டி உப்புத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். மண்ணைவிட உப்புத் தண்ணீர் பாட்டை நன்றாக இழுக்கும் என்பதை ஊர் பிறகுதான் படித்தது.

ஊர் படித்த விதத்தையும் சொல்கிறேன். எங்கள் கரையில் கடை வைத்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தார். கடை இருந்தது காய்ந்த மணல் தரை. பெட்டி நாள் முழுக்க மீன் பொரிக்கிறமாதிரிப் பொரிந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கொழும்பாரிடம் வழி கேட்டார்.

"ஏர்த் அடிச்ச இடத்தில ஒவ்வொரு நாளும் ஒரு வாளி கடல்தண்ணி ஊத்துங்கோ" என்றார் கொழும்பார்.

ஊற்றினார். பெட்டி தெளிந்தது. ஒரு மாதத்தில் பக்கத்துப் பாத்தி மிளகாய்க் கன்றுகள் வேரோடு கருகின. கடைக்காரரின் பெண்சாதி கரையில் வந்து நின்று ஏசினா.

"உங்கட கதையைக் கேட்டு என்ர மிளகாய் முழுக்கச் செத்துப்போச்சு."

"மிளகாய் பாடுமோ தங்கச்சி?" என்று கேட்டார் அவர்.

பாட்டுக் கேட்க அவர் வைத்திருந்த முறைகள் கொஞ்சநஞ்சம் அல்ல. பெட்டியின் வாயைப் பானையின் வாயோடு சேர்த்து வைத்தால் சத்தம் பெருகும். அந்த மூன்று பானையில் ஒன்றுதான் சோற்றுக்கு, மற்ற இரண்டும் பாட்டுக்கு. பெரிய பானை ஆண்குரலுக்கு. சின்ன முட்டி பெண்குரலுக்கும் வீணைக்கும். நாதஸ்வரத்துக்குப் பானையே கூடாது, வெடித்துவிடும் என்பார். செய்திக்கும் பானை கிடையாது, வாசிக்கிறவருக்குத் தடிமன் பிடித்ததுபோல இருக்குமாம். பாடகரைப் பாடவிட்டுவிட்டு, கறிக்கு உப்புப் பார்ப்பதுபோலப் பானையைக் கிட்டவும் தள்ளியும் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவசரத்தில் பாட்டுப் பானையில் உலை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பானையில் பாடிய எல்லோருக்கும் தொண்டை கொஞ்சம் கரகரத்தது.

காது சுத்தமாகக் கேளாத ஒருவர் கிழமைக்கு ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். அவரைப் பானைக்குப் பக்கத்தில் இருத்தி, இரண்டு கையையும் பானையின் வயிற்றில் வைக்கச் சொல்லுவார். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, தாளம் தவறாமல் தலையை ஆட்டுவார். காது கேட்கிற நாங்கள் அவருடைய தலையைப் பார்த்துத்தான் தாளம் போட்டோம்.

இதெல்லாம் பரவாயில்லை. பாட்டுத் தொடங்கினால் கொழும்பார் கம்பு ஊன்ற மாட்டார். அதுதான் எங்களுக்குக் கரைச்சல். கம்பு தண்ணீரில் விழுகிற சத்தம் பாட்டைக் கெடுக்குமாம். கம்பைத் தூக்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்துவிடுவார். வள்ளம் தன் விருப்பத்துக்கு மிதக்கும். பாட்டு முடிய எழும்பி ஊன்றுவார். அடுத்த பாட்டுக்கு மறுபடியும் இருப்பார். ஆகவே எங்கள் பக்கத்தில் தூரத்தை மைல் கட்டையில் சொல்லாமல் பாட்டில்தான் சொன்னார்கள். அக்கரை மூன்று பாட்டுத் தூரம். காற்று எதிர்த்தால் நாலு.

"கொழும்பார், பஸ் போயிடப் போகுது" என்று யாராவது சத்தம் போட்டால்,

"பஸ் நாளைக்கும் வரும். இந்தப் பாட்டு நாளைக்கு வருமெண்டு நீ எழுதித் தருவியோ?" என்பார்.

ஒரு நேரத்துக்கு மட்டும் பானையும் கிடையாது, சத்தமும் கிடையாது. அது மரண அறிவித்தல், செத்தவரின் பேரும் பிள்ளைகளின் பேரும், வாசிக்கிற நேரம். சத்தத்தை நன்றாகக் குறைத்து, பெட்டியை மடியில் வைத்து, சால்வையால் தலையையும் பெட்டியையும் சேர்த்து மூடிக்கொண்டு, காதை ஒட்டி வைத்துத் தான் மட்டும் கேட்பார். பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு சொல் விழாது. இரண்டு கரையிலும் உள்ள யாருக்காவது உறவான சாவு என்றால் அதைக் கொண்டுபோய்ச் சொல்லுவது தன் வேலை என்று அவராகவே எடுத்துக்கொண்டார். தந்தி வந்து சேர இரண்டு நாளாகும் இடம் எங்களுடையது. கொழும்பார் அதே நாளில் சொல்லிவிடுவார்.

ஆனால் வந்தவுடன் சொல்ல மாட்டார். "சாப்பிட்டாச்சோ?" என்று முதலில் கேட்பார்.

எங்கள் ஆட்களில், சாவு காதில் விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிடும். பிரேதம் எடுத்து, முழுகி முடிகிற வரைக்கும் உலை வைக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பக்கம் சாவு என்றால் வள்ளம், பஸ், நடை என்று அரைநாள் போக வேண்டும். அவ்வளவும் வெறும் வயிற்றோடு. கொழும்பாரின் சட்டம் என்னவென்றால், காதில் விழாதவரைக்கும் துடக்கும் இல்லை, தீட்டும் இல்லை. ஆகவே அவர் வாசலில் குந்திக்கொண்டிருந்து, ஆளைச் சாப்பிட வைத்து, கை கழுவ வைத்து, அதற்குப் பிறகுதான் சொல்லுவார்.

நல்ல எண்ணம்தான். விளைவு என்ன தெரியுமோ? இரண்டு கரையிலும் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் சனம் செத்தது ஆரென்று திருப்பிக் கேட்கும். மாமியார் மருமகளைக் கேட்கப் பயம், மருமகள் புருசனைக் கேட்கப் பயம். விருந்துக்கு வந்தவர்களிடம் "கை கழுவுங்கோ" என்று சுற்றி வளைத்துச் சொல்லப் பழகிக்கொண்டோம்.

தண்ணீரூற்றுப் பக்கமிருந்து துணி கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் வள்ளத்தில் ஏறித் துணிமூட்டையைத் தலையிலிருந்து இறக்குகிற நேரம், கொழும்பார் கூடாரத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்து,

"நானா, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார்.

நானா அப்படியே நின்றார். மூட்டை நிற்கவில்லை, தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஆரு?" என்றார் நானா. "உம்மாவோ?"

"என்ன உம்மா? இறால் கறி வைச்சனான். சோறு கூடிப்போச்சு. அதுதான் கேட்டனான்."

நானா வள்ளத்தின் பலகையில் இருந்து, முதலில் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு இரண்டும் ஒன்றாக நடந்தது. அதற்குள் மூட்டை அவிழ்ந்து, நந்திக்கடல் முழுக்கச் சாறன் மேய்ந்தது. நாங்கள் எல்லோரும் கையை விட்டுப் பொறுக்கினோம். எனக்குக் கிடைத்தது பச்சைக் கட்டம் போட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன், சந்தேகப்பட வேண்டாம்.

"இனிமேல் எனக்குச் சோறு தாறதெண்டாத் தட்டை மட்டும் நீட்டு. வாயைத் திறக்காத" என்று நானா சொன்னார். சொல்லிவிட்டு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

எனக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதைப் பகிடியாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

என் ஐயாவுக்கு நான் கட்டினவரைப் பிடிக்கவில்லை. "காட்டுக்குப் போறவனுக்கு என்ர வளவில பெண் இல்லை" என்றார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கிழமை அந்த மாப்பிள்ளையோடேயே போய்க் கலியாணப் பதிவு எழுதினேன். வன்னிக்கு வெளிக்கிட்ட நாளன்று ஐயா முற்றத்தில் நின்று, ஊர் கேட்கச் சொன்னார்.

"இண்டையில இருந்து எனக்குப் பிள்ளையள் மூண்டுபேர். நான் செத்தாலும் அவளுக்கு அறிவிக்கக் கூடாது."

நாங்கள் நாலு பேர். ஐயா சொன்னால் சொன்னதுதான். அண்ணன் நாற்பது வயதிலும் ஐயாவைக் கண்டால் சுருட்டை ஒளிக்கிற ஆள். ஆகவே ஐயாவுக்கு ஒன்றென்றால் எனக்கு ஒரு தந்தியும் வராது என்று தெரியும். எனக்கிருந்த ஒரே வழி கொழும்பாரின் காது. வந்த இரண்டாம் மாதமே, வள்ளத்தில் போகும்போது ஐயாவின் பெயரையும் ஊரையும் அவரிடம் சொன்னேன்.

"இந்தப் பேர் எப்பவாவது வந்தா எனக்கும் சொல்லுங்கோ."

"வரக் கூடாதெண்டு கும்பிடு" என்றார்.

"கும்பிடுறன். எண்டாலும் பேரை மறந்திடாதேங்கோ."

அதன்பிறகு ஒவ்வொரு தரம் வள்ளத்தில் ஏறும்போதும், "என்ன கொழும்பார், எங்கட பக்கத்தால ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பேன், ஏதோ மாம்பழம் வந்ததா என்று கேட்பதுபோல. அவர் தலையை மட்டும் ஆட்டுவார். மூன்று வருசத்துக்கு மேல் இப்படியே ஆட்டினார்.

நாலாம் வருசம் தை மாதம். அறுவடை. புருசன் வயலில். நான் முற்றத்தில் நெல்லைக் காயவிட்டுக் கோழி கலைத்துக்கொண்டிருந்தேன். காலை வெயில் சுடத் தொடங்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு கொழும்பார் வந்தார். அவர் தரையில் நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தரை ஆடாதபடியால் மனிதர் கொஞ்சம் தள்ளாடினார்.

"பிள்ளை, சாப்பிட்டாச்சோ?"

கோழிக்கு ஓங்கிய தடி கையிலேயே நின்றது.

"ஆரு கொழும்பார்?"

"சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டனான்."

"இல்லை."

"அப்ப போட்டுச் சாப்பிடு."

"ஆரெண்டு சொல்லுங்கோ. பிறகு சாப்பிடுறன்."

"சொன்னாப் பிறகு இதுவரைக்கும் ஒருத்தரும் சாப்பிட்டதில்லை. குசினிக்குள்ள போ."

போனேன். பழஞ்சோறும் முதல்நாள் மீன்குழம்பும் இருந்தது. கோப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து, அவருக்கு முன்னாலேயே இருந்து சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"எங்கட மாமியெண்டாச் சொல்லுங்கோ. இன்னொருக்காப் போட்டுச் சாப்பிடுவன்."

மற்ற நாள் என்றால் கொழும்பார் சிரித்திருப்பார். சிரிக்கவில்லை. அப்போது தெரிந்துவிட்டது, அது புருசன் பக்கம் அல்ல, என் பக்கம் என்று. கை கோப்பைக்குள் நின்றுவிட்டது.

"இன்னும் நாலு வாய்" என்றார்.

"இறங்குதில்லை."

"தண்ணியை விட்டுக் கரைச்சுக் குடி. நாலு மணித்தியாலம் போகோணும்."

நாலு மணித்தியாலம் என்றால் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. சோற்றைக் கரைத்தேன். குடித்தேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள். கை கழுவிவிட்டு வந்து நின்றேன். அப்போதுதான் சொன்னார்.

"உன்ர ஐயா மோசம் போயிட்டாராம். பின்னேரம் மூண்டு மணிக்கு எடுக்கினமாம். வெளிக்கிடு."

நான் தடியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோழி கலைக்கப் போனேன்.

"நான் போகேல்லை" என்றேன். "உயிரோட இருக்கேக்கயே என்னைக் கணக்கில எடுக்காத மனிசன். நான் அந்தப் படலைக்குள்ள போய், அங்க நிக்கிற ஆரும் நீ ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுறது? என்ர பேரில்லாத செத்தவீட்டுக்கு நான் ஏன்?"

கொழும்பார் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"உன்ர பேரும் வாசிச்சவை."

"என்ன?"

"பிள்ளையளின்ர பேர் வாசிக்கேக்க உன்ர பேரும் வாசிச்சவை. வாறியோ இல்லையோ? பஸ் பதினொண்டுக்கு."

பக்கத்து வீட்டில் புருசனுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, உடுத்திருந்த சீலையோடு ஓடினேன்.

வள்ளத்தில் நானாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். நான் அழுகையை அடக்கிக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டுச் சாவுக்கு வெளியாட்களுக்கு முன்னால் அழக் கூச்சம். கொழும்பார் அதைக் கண்டார். பெரிய பானையை இழுத்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியை அதன் வாயோடு சேர்த்தார். சத்தத்தை முழுவதுமாகத் திருப்பிவிட்டார். பற்றரியைக் கண்ணில் எண்ணெய் விட்டுக் காப்பாற்றுகிற மனிதர், அப்படித் திருப்பி நான் கண்டதே இல்லை. வள்ளமே பாடியது.

"இப்ப அழு" என்றார். "ஒருத்தருக்கும் கேக்காது."

அழுதேன். நானா குடையை விரித்து, வெயிலுக்குப் பிடிப்பதுபோல எனக்கும் மற்றப் பெண்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நடந்துகொண்டிருந்தது, கொழும்பார் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. கம்பு நிற்கவில்லை. தண்ணீர் அடித்துப் பாட்டுக்குள் தெறித்தது. அவர் கவனிக்கவே இல்லை. முதுகில் வியர்வை வழிந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். என்னிடம் பேசியதா, கம்போடு பேசியதா தெரியாது.

"அம்மா நெடுங்கேணியில செத்தவா. நான் அப்ப இஞ்ச மீன்வாடியில. சைக்கிளில வந்தவன் விடிய வந்து சொல்லிப்போட்டுப் போயிட்டான். நான் ஒண்டும் தின்னேல்லை. பகல் முழுக்க நடந்து போனனான். கொள்ளி வைக்கேக்க என்ர தலைக்குள்ள அம்மா இல்லை, பிள்ளை. சோறுதான் இருந்தது. சோத்துக்குத்தான் அழுதனான். சனம் அம்மாவுக்கு அழுறன் எண்டு நினைச்சுது."

கரை தட்டுகிற நேரம் பாட்டு மெலிந்து மெலிந்து, பானைக்குள்ளேயே படுத்துவிட்டது. பற்றரி முடிந்துபோனது. புதிது வேண்டும் என்றால் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அதைப் பார்க்கவும் அவருக்கு நேரம் இருக்கவில்லை. வள்ளத்தைக் கட்டாமலே இறங்கி ஓடி, வெளிக்கிட்ட பஸ்ஸுக்கு முன்னால் கம்போடு நின்று மறித்தார். சாரதி ஏசிய ஏச்சை நான் இங்கே சொல்ல மாட்டேன்.

ஆனையிறவு தாண்டி, கொடிகாமம் தாண்டி, எங்கள் படலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐயாவை எடுக்க அரை மணித்தியாலம் இருந்தது. அண்ணன் இடுப்பில் சால்வையோடு படலையில் நின்றார். என்னைக் கண்டவுடன் அவருடைய வாய் திறந்தது.

"எப்பிடி அறிஞ்சனீ?"

"றேடியோவில என்ர பேரும் வாசிச்சவையாமே" என்றேன்.

பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "உள்ளுக்குப் போ."

உள்ளே அக்காமார் முதல்நாளிலிருந்து ஒன்றும் தின்னாமல் துவண்டு கிடந்தார்கள். ஒருத்திக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் ஐயாவின் தலைமாட்டில் போய் இருந்தேன். அந்த மனிதர் என்னை ஏசியதெல்லாம், சின்ன வயதில் முற்றத்து மணலில் விரலைப் பிடித்து எழுத்துக் காட்டியதெல்லாம், ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதேன். குரல் உடையவில்லை, தலை சுற்றவில்லை. அன்றைக்கு அந்த வளவில் வயிறு நிறைய அழுதவள் நான் ஒருத்திதான்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது வழக்கம். ஐயாவுக்கு உழுந்து வடை. நான் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி மற்ற அடுப்பை மூட்டக் கடதாசி தேடினா. அண்ணனின் சட்டைப் பையில் ஒன்று மடித்துக் கிடந்தது. றேடியோ அறிவித்தலுக்குக் கொடுக்க அண்ணன் எழுதி வைத்த கடதாசி அது என்று அண்ணி வைத்துவிடப் போனா. நான் வாங்கிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் என்னை இரண்டு வருசம் பொறுத்தது. அதற்கு மேல் அதனாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நான் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளுகிற சொல் ஒன்றே ஒன்றுதான். என்னுடைய பெயர். ஐயா மணலில் காட்டியது. கடதாசியை மேலிருந்து கீழ் பார்த்தேன். கீழிருந்து மேல் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன்.

என் பெயர் எங்கும் இல்லை, மற்ற மூன்று பிள்ளைகளின் பெயர்தான் இருந்திருக்கும். ஐயா சொன்னது சொன்னதுதான்.

கடதாசியை மடித்து அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடையைத் திருப்பிப் போட்டேன். பிறகு, அவர் கேட்காமலே, கொழும்பாரைப் பற்றி எல்லாம் சொன்னேன். செப்புத் தகடு, பானை, பழஞ்சோறு, முடிந்துபோன பற்றரி வரை. அடுத்த நாள் நான் வெளிக்கிடுகிற நேரம் அண்ணன் சைக்கிளில் சாவகச்சேரிக்குப் போய் வந்து, செங்கல் அளவில் ஒரு பொதியை என் கையில் வைத்தார்.

"அந்த மனிசனிட்டக் குடு" என்றார். அவ்வளவுதான்.

முல்லைத்தீவில் இறங்கி வள்ளத்தடிக்குப் போனேன். வள்ளம் ஊமையாகக் கிடந்தது. பானைகள் இரண்டும் கவிழ்த்துக் கிடந்தன. கொழும்பார் விளிம்பில் குந்தியிருந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். நான் முகத்தை நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய், மெல்லக் கேட்டேன்.

"சாப்பிட்டாச்சோ கொழும்பார்?"

அவருடைய கையிலிருந்த ஈர்க்குக் கீழே விழுந்தது. இவ்வளவு காலமும் இரண்டு கரையையும் நடுங்க வைத்த கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"ஆரு?" என்றார். "தங்கச்சியோ?"

அவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பகிடியைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன் போலிருந்தது. கெதியாகப் பையைத் திறந்து வடைப் பொட்டலத்தை நீட்டினேன்.

"ஒருத்தருமில்லை. வடை. ஐயான்ர எட்டுக்குச் சுட்டது. பசிக்குமெண்டு கேட்டனான்."

கொழும்பார் ஒரு வடையை எடுத்து முழுதாக வாய்க்குள் வைத்தார். ஏசுவதற்கு வாய் திறந்தால் வடை விழும், சிரித்தாலும் விழும். மனிதர் கண்ணில் தண்ணீர் வர வர மென்றார். எங்கள் ஐயாவுக்காக அழுதவர்களில் அவரையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது வடையில் கை வைக்கும்போது கேட்டேன்.

"கொழும்பார், என்ர பேரை எத்தினையாவதா வாசிச்சவை?"

மெல்லுவது மெதுவானது.

"கடைசியா."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"அந்த நேரம் பாத்துப் பற்றரி இறங்கிப்போச்சு. வடிவாக் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு வள்ளம் முழுக்க உரத்துப் பாடிய பற்றரி அது. நான் அதைச் சொல்லவில்லை. அண்ணன் தந்த பொதியை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இந்தாங்கோ, புதுசு. அண்ணை தந்தவர். இனிமேல் வடிவாக் கேளுங்கோ."

கொழும்பார் பொதியைத் தடவிப் பார்த்தார். எண்ணெய்க் கையைச் சாறனில் துடைத்துவிட்டு, மறுபடியும் தடவிப் பார்த்தார். பிறகு கூடாரத்துக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பற்றரியைப் பூட்டினார். சின்ன முட்டியை நிமிர்த்தினார். வெளியே வந்து, சுருட்டி வைத்திருந்த கம்பியை, நுனியில் செப்புத் தகட்டோடு, என் கையில் தந்தார்.

"நீ தூக்கின கொழும்பை நீயே இறக்கு."

விளிம்பில் இருந்து, தண்ணீர் கலங்காமல், மெல்ல இறக்கினேன். முட்டிக்குள் யாரோ ஒரு பெண்பிள்ளை பாடத் தொடங்கினாள். கொழும்பார் வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறினார். ஒருதரம் ஊன்றினார். பிறகு கம்பைத் தூக்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தார்.

காற்று எதிர்க்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அக்கரை போய்ச் சேர ஆறு பாட்டு எடுத்தது.